இரண்டு தட்டுக் கூண்டும் கினிப்பன்றிக் குட்டிகளும்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

சேலம், நாமக்கல் பக்கத்துச் செல்லப்பிராணிக் கடைகளில் கினிப்பன்றி வாங்கி வரும் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், பெற்றோர் ஒரு ஜோடி வாங்கித் தருகிறார்கள். இரண்டு மாதம் கழித்து அது குட்டி போடுகிறது. அதற்குள் யாராவது ஒருவர் "மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, நடுவில் ஏணி" என்று யோசனை சொல்லியிருப்பார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஏணியிலும் மேல்தட்டிலும்தான் குட்டிகளுக்கு ஆபத்து இருக்கிறது. தட்டு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எப்படிச் செய்தால் குட்டி பிழைக்கும், எப்போது மேல்தட்டைத் திறக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன். தம்பி தங்கச்சிகளே, நிதானமாகப் படியுங்கள்.

1. முதலில் இந்தப் பிராணி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டுப் பிராணி இது. பெரு, பொலிவியா, எக்குவடோர் நாடுகளில் பல ஆயிரம் ஆண்டுகளாக வீட்டில் வளர்க்கிறார்கள். அங்கே மலைக்குடிகள் அதைச் சமையற்கட்டுத் தரையிலேயே விட்டுவிடுவார்கள். அடுப்போரம், சுவரோரம் என்று தரையோடு தரையாக ஓடித் திரியும். அணில் போல ஏறத் தெரியாது. பூனையைப் போலக் குதித்துக் காலூன்றவும் தெரியாது. உடம்பு கனம், கால் குட்டை, எலும்பு மெல்லிசு. விளிம்பு எங்கே முடிகிறது, கீழே எவ்வளவு ஆழம் என்பதைக் கண்ணால் அளக்கும் திறனும் குறைவு. பெரியதாக இருந்தாலும் பயந்தால் விளிம்பைப் பார்க்காமல் ஓடிவிடும்.

குட்டியின் நிலை இன்னும் சிக்கல். முயல் குட்டி மயிரில்லாமல், கண் மூடிப் பிறக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் கூட்டைவிட்டு நகராது. கினிப்பன்றிக் குட்டி அப்படியில்லை. மயிரோடு, கண் திறந்து, பல்லோடு பிறக்கிறது. எடை 60 முதல் 100 கிராம் வரை இருக்கும். சில மணி நேரத்தில் தாயின் பின்னால் ஓடுகிறது. மறுநாளே புல்லைக் கடித்துப் பார்க்கிறது. எனவே "பிறந்த பிறகு கூண்டைச் சரி பண்ணிக்கொள்ளலாம்" என்பதற்கு நேரமே கிடையாது. சினைக்காலம் 59 முதல் 72 நாள். பெட்டை சினையாக இருக்கிறது என்று தெரிந்த வாரமே கூண்டு வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

2. தரைப்பரப்பைக் கணக்கிடும்போது மேல்தட்டைச் சேர்க்காதீர்கள்

இரண்டு பெரிய பிராணிகளுக்கு ஒரே தளத்தில் குறைந்தது எட்டு சதுர அடி வேண்டும். பத்துப் பன்னிரண்டு இருந்தால் நல்லது. "கீழே நாலு, மேலே நாலு, ஆக எட்டு" என்று பட்டறையில் கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கு இந்தப் பிராணிக்கு உதவாது. அது நேராக ஓட வேண்டிய பிராணி. கீழ்த்தளம்தான் வீடு, மேல்தட்டு திண்ணை மாதிரி. வீட்டைச் சுருக்கித் திண்ணை கட்டுவார் யாருமில்லை.

நான் சொல்லும் அளவு இது: நீளம் ஐந்தடி, அகலம் இரண்டரை அடி. பன்னிரண்டரை சதுர அடித் தரை கிடைக்கிறது. அதன் ஒரு ஓரத்தில் மட்டும் இரண்டடிக்கு இரண்டரை அடியில், தரையிலிருந்து பன்னிரண்டு அங்குல உயரத்தில் மேல்தட்டு. மீதி மூன்றடி மேலே திறந்தவெளி. இந்த மூன்றடிக்குள்தான் சாய்பலகை இறங்க வேண்டும். மேல்தட்டு கூண்டின் முழு நீளத்துக்கும் போய் நடுவில் ஒரு துளை வழியாக ஏணி இறங்கும் அமைப்பைச் செய்யாதீர்கள். துளை எங்கிருந்தாலும் இருட்டில் குட்டி அதற்குள் விழும். மேல்தட்டை ஓரத்தோடு நிறுத்திவிட்டால் துளைக்கே வேலையில்லை.

3. முதல் மூன்று வாரம் மேல்தட்டை அடைத்து வையுங்கள்

இந்த எல்லாச் சொற்களிலும் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். குட்டி பிறப்பதற்குப் பத்து நாள் முன்பே சாய்பலகையைக் கழற்றிவிடுங்கள். அல்லது மேல்வாசலை ஒரு பலகையால் அடைத்துவிடுங்கள். சினைப்பெட்டை கடைசி வாரங்களில் தன் உடம்பு எடையில் பாதிக்கு மேல் கூடியிருக்கும். அதற்கே ஏறி இறங்குவது சிரமம். குட்டி வந்த பிறகு தாய் மேலே போனால் குட்டிகள் பின்னாலேயே போகும். தாய் இறங்கும்போது மேலே தவிக்கும், விளிம்போரம் ஓடும்.

இன்னொரு காரணமும் உண்டு. தாய்க்கு இரண்டு காம்புதான். குட்டி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வரை இருக்கும். முறை வைத்துத்தான் குடிக்க வேண்டும். தாய் மேலே, குட்டி கீழே என்று பிரிந்தால் மெலிந்த குட்டியே பட்டினி கிடக்கும். ஒரே தளத்தில் இருந்தால் அதுவும் தன் முறைக்கு வந்து சேரும்.

மூன்று வாரம் கழிந்ததும் ஒரேயடியாகத் திறந்துவிட வேண்டாம். காலை வெயில் ஏறுவதற்கு முன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் திறந்து பாருங்கள். குட்டி முன்னங்காலை ஊன்றி நிதானமாக இறங்குகிறதா, வழுக்கிக்கொண்டு வருகிறதா என்று கவனியுங்கள். நிதானமாக இறங்கத் தெரிந்த பிறகு பகலில் விடலாம். இரவில் ஆறேழு வாரம் வரைக்கும் அடைத்தே வையுங்கள்.

4. சாய்பலகை: ஓர் அடி உயரத்துக்கு மூன்றடி நீளம்

ஏணி வேண்டாம். படிக்குப் படி இடைவெளி உள்ள எதுவும் வேண்டாம். குட்டியின் கால் அந்த இடைவெளியில் போனால் ஒடிந்துவிடும். பலகையே வேண்டும்.

பட்டறையில் இடத்தை மிச்சம் பிடிக்கச் செங்குத்தாக வைத்துத் தருவார்கள். ஓர் அடி உயரத்துக்கு இரண்டடிப் பலகை வைத்தால் 30 பாகைச் சரிவு வரும். பெரிய பிராணிக்கே அது கடைசி எல்லை. மூன்றடி வைத்தால் சரிவு ஏறக்குறைய 20 பாகைக்கு இறங்கிவிடும். மேலே சொன்ன ஐந்தடிக் கூண்டில் மூன்றடிப் பலகை சரியாக உட்கார்ந்துவிடும். அந்த அளவைத் தேர்ந்ததே இதற்காகத்தான்.

அகலம் ஒன்பது அங்குலம் இருக்கட்டும். இரண்டு பிராணிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கி இறங்க இடம் வேண்டும். பலகையைப் பின்சுவரை ஒட்டி வையுங்கள். வெளிப்பக்கத்தில் ஐந்தங்குல உயரத்துக்குத் தடுப்புப் பலகை அடித்துவிடுங்கள். தடுப்பு கம்பியாக இருக்கக் கூடாது. கம்பிக்கு நடுவில் குட்டி தலையை விடும்.

வழுக்காமல் இருக்கக் குறுக்கே மெல்லிய ரீப்பர் துண்டுகளை அடிக்கலாம். ஒவ்வொன்றும் கால் அங்குலத்துக்கு மேல் தடிக்க வேண்டாம். இடைவெளி ஒன்றரை அங்குலம் போதும், ஏனென்றால் குட்டியின் எட்டு சின்னது. மூன்று, நான்கு அங்குல இடைவெளி விட்டால் பெரியது ஏறும், குட்டி இரண்டு ரீப்பருக்கு நடுவில் வழுக்கும். விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து உருட்டிவிடுங்கள். ஆணி மேலிருந்து அடிக்காமல் பலகையின் அடியிலிருந்து திருகாணி போட்டால் தலை துருத்தாது. சிலர் சாக்கை ஒட்டுவார்கள். சாக்கு நூல் பிரிந்தால் நகம் சிக்கும், கடித்து விழுங்கவும் செய்யும். கெட்டியாக நெய்த பழைய பருத்தித் துணியை இழுத்துக் கட்டினால் குற்றமில்லை. ஆனால் வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

பலகையின் அடிமுனை தரையோடு படிந்திருக்க வேண்டும். அரை அங்குலம் தூக்கி நின்றாலும் அதற்கடியில் குட்டி நுழைந்து மாட்டிக்கொள்ளும். சாய்பலகைக்குக் கீழே உண்டாகும் குறுகிய மூலையை ஒரு கட்டை வைத்து அடைத்துவிடுங்கள்.

5. மேல்தட்டின் விளிம்பு

மேல்தட்டு முடியும் இரண்டரை அடி விளிம்பு முழுக்க ஆறங்குல உயரத்துக்குத் தடுப்புப் பலகை வேண்டும். சாய்பலகை சேரும் இடத்தில் மட்டும் ஒன்பது அங்குல வாசல். அந்த வாசலுக்கு மேலிருந்து சொருகும் ஒரு பலகைக் கதவு செய்யச் சொல்லுங்கள். ஆசாரிக்குப் பத்து நிமிட வேலை. இரவில் அடைக்க, கோடையில் அடைக்க, குட்டி இருக்கும்போது அடைக்க எல்லாவற்றுக்கும் அதுவே உதவும்.

6. தரையில் கம்பிவலை கூடாது

நாமக்கல் மாவட்டத்தில் முட்டைக்கோழிக்குக் கூண்டு அடிக்கிற பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. நல்ல வேலைக்காரர்கள். ஆனால் அவர்கள் கை பழகியது கோழிக்கூண்டுக்கு. எச்சம் கீழே விழ வேண்டும், முட்டை உருண்டு முன்னே வர வேண்டும் என்று தரையைக் கம்பியால், சாய்வாக அமைப்பார்கள். அதையே உங்களுக்கும் செய்து தருவார்கள், நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

கினிப்பன்றியின் உள்ளங்காலில் மயிர் கிடையாது. கம்பியில் நின்றால் முதலில் சிவக்கும், பிறகு வீங்கும், கடைசியில் சீழ் பிடித்த புண்ணாகிவிடும். ஆறுவது மிகவும் கடினம். குட்டியின் கால் கம்பிக்கண்ணுக்குள் இறங்கும். பயந்து இழுக்கும்போது ஒடியும்.

இரண்டு தட்டுக்கும் முழுத்தரைதான் வேண்டும். மேல்தட்டுக்கு ஜி.ஐ. தகட்டை மூன்று பக்கமும் அரை அங்குலம் மடித்துப் போட்டால் மூத்திரம் கீழே ஒழுகாது. ஒழுகினால் கீழே படுத்திருக்கும் குட்டியின் மேல்தான் விழும். தகட்டின் மேல் நாளிதழை அடுக்கி, அதன் மேல் பழைய பருத்தித் துண்டு அல்லது உலர்ந்த மெல்லிய புல் போடுங்கள். நம் மேய்ச்சல் காட்டில் விளையும் கொழுக்கட்டைப் புல்லை அறுத்து நிழலில் காய வைத்தால் படுக்கையும் அதுவே, தீனியும் அதுவே. கோழிப்பண்ணையில் போடும் உமி வேண்டாம். முனை கூர்மை, தூசி அதிகம். குட்டி தரையோடு மூக்கை வைத்து வாழ்கிறது. மரத்தூளும் அப்படித்தான். தினமும் நனைந்த இடத்தை மாற்றுங்கள். மூத்திர நெடி உங்கள் மூக்குக்கு எட்டுகிறது என்றால் குட்டியின் நெஞ்சுக்கு அது முன்பே எட்டிவிட்டது.

7. வலை, கொண்டி, எதிரிகள்

பக்கச் சுவர்களுக்கு அரை அங்குல வெல்டு மெஷ் கேளுங்கள். அறுகோணக் கண் உள்ள கோழிவலை மலிவு, ஆனால் நாய் இழுத்தால் பிரிந்துவிடும், பெருச்சாளி கடித்தால் அறுந்துவிடும். ஓர் அங்குலத்துக்கு மேல் கண் உள்ள எந்த வலையிலும் புதுக்குட்டி வெளியே வந்துவிடும். தலை போன இடத்தில் உடம்பும் போகும், அல்லது பாதியில் மாட்டிக்கொள்ளும். வலையின் வெட்டுமுனைகளைக் கூண்டின் வெளிப்பக்கம் வருமாறு மடித்து, மேலே ரீப்பர் வைத்து அடிக்கச் சொல்லுங்கள்.

நம் ஊரில் பூனையும் தெருநாயும் மட்டும் எதிரியில்லை. வயலை ஒட்டிய வீடு என்றால் கீரி வரும், சாரைப்பாம்பு வரும், நல்லபாம்பும் வரலாம். பகலில் காக்கையும் வல்லூறும் குட்டியைத் தூக்கப் பார்க்கும். எல்லாவற்றையும்விட ஓசையில்லாமல் வருவது செவ்வெறும்பு. கூண்டுக்கு இரண்டடி உயரக் கால் வைத்து, நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் கொசு முட்டையிடாது. கூண்டு சுவரைத் தொடாமல், மரக்கிளை படாமல் இருக்கட்டும், தொட்டால் எறும்புக்கு அதுவே பாலம்.

கதவுக்குக் கீழே ஆறங்குல நிலை விட்டுத்தான் கதவு தொடங்க வேண்டும். தீனி போடக் கதவைத் திறக்கும்போது குட்டிகள் ஓடி வந்து முட்டும். நிலை இல்லாவிட்டால் இரண்டடி கீழே மண்ணில் விழும். ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு கொண்டி. மேலே ஒன்று, கீழே ஒன்று.

கறையானுக்கு மருந்து அடித்த மரத்தையும், பழைய பெயின்ட் பூசிய சன்னல் சட்டத்தையும் கூண்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். கினிப்பன்றியின் பல் ஆயுள் முழுக்க வளரும். கைக்கெட்டிய மரத்தையெல்லாம் கடித்துத்தான் தேய்த்துக்கொள்ளும்.

8. வெயில்

சேலம், நாமக்கல் சமவெளியில் கினிப்பன்றிக்கு முதல் எதிரி வெயில். அதற்கு இதமான வெப்பம் 18 முதல் 24 பாகை செல்சியஸ். 28, 30-க்கு மேல் போனால் உடம்பு தாங்காது. வியர்க்கத் தெரியாத பிராணி, நாய் மாதிரி மூச்சிரைத்துச் சூட்டைத் தள்ளும் திறனும் அதற்குப் போதாது. நமக்கோ பங்குனி பிறந்தாலே 36, 37. சித்திரையில் 40-ஐத் தொடும் நாட்களும் உண்டு. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டில் இருப்பவருக்கு இந்தக் கவலை குறைவு. சமவெளியில் இருக்கும் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

சூடான காற்று மேலே ஏறும். மேல்தட்டுக்கும் கூரைக்கும் நடுவில் அது தேங்கும். மேலே தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ இருந்தால் கீழ்த்தளத்தைவிட மேல்தட்டு தெளிவாகச் சூடேறும். ஒரு வெப்பமானியை வாங்கி, மேல்தட்டில் குட்டியின் முதுகு உயரத்தில் ஒரு நாள், கீழே ஒரு நாள் தொங்கவிட்டுப் பாருங்கள். அதன் பிறகு யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாசி கடைசி முதல் வைகாசி முடியும் வரை பகலில் மேல்தட்டு அடைப்பு. குட்டியானாலும் பெரியதானாலும் இதற்கு விலக்கு கிடையாது.

அதே மேல்தட்டு கீழே நிழல் தருகிறது. அந்த நிழல்தான் கோடையில் கூண்டின் நல்ல இடம். அங்கே ஒரு கருங்கல் பலகையோ கடப்பாக் கல்லோ போடுங்கள். இரவில் குளிர்ந்து பகல் முழுக்கக் குளிர்ச்சி தரும். குயவரிடம் சொல்லி, வாயை விட்டு எதிர்ப்பக்கம் இன்னொரு வழி வெட்டிய மண்பானையைச் சுட்டு வாங்கி, படுக்கவைத்துப் போடுங்கள். வெளிப்பக்கத்தில் தண்ணீர் தெளித்தால் உள்ளே நன்றாகக் குளிரும்.

கூண்டை மேற்கு வெயில் படும் தாழ்வாரத்தில் வைக்காதீர்கள். வீட்டுக்குள் வைக்க முடிந்தால் அதுதான் நல்லது. வெளியில்தான் என்றால் கூரைக்கு மேல் தென்னங்கீற்றை இரண்டடுக்காகப் பரப்புங்கள். ஓட்டையும் தகரத்தையும் சுண்ணாம்பால் வெள்ளையடித்தால் சூடு குறையும். காற்று வரும் பக்கத்தில் கூண்டுக்கு ஓரடி தள்ளி ஈரச்சாக்கு கட்டலாம். கோடையில் நம் ஊர்க் காற்று வறண்டது, ஈரச்சாக்கு நன்றாக வேலை செய்யும். சாக்கின் நீர் கூண்டுக்குள் சொட்டக் கூடாது. மின்விசிறியை நேராக முகத்தில் வீசவிடாதீர்கள், சுவரில் பட்டுத் திரும்பட்டும்.

நீட்டிப் படுத்துக்கொண்டு வேகமாக மூச்சு வாங்குகிறது, வாயில் நீர் ஒழுகுகிறது, தொட்டாலும் எழுவதில்லை என்றால் வெயில் அடித்துவிட்டது என்று பொருள். உடனே நிழலான அறைக்குக் கொண்டுபோய், சாதாரணக் குளிர்நீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் வயிற்றையும் துடைத்துவிடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள்.

9. மழையும் குளிரும்

சித்திரையில் திடீரென்று அடிக்கும் கோடைமழைக் காற்று கூண்டையே சாய்க்கும். கால்களைத் தரையில் முளையடித்துக் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரப்படுக்கைதான் கேடு. நனைந்த மயிரில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும், குட்டிக்கு நெஞ்சுச் சளி பிடிக்கும். மார்கழிப் பனியில் ஒரு பக்கத்தை மட்டும் சாக்கால் மூடுங்கள். நான்கு பக்கமும் மூடினால் நெடி தங்கும்.

10. பயந்து ஓடும்போது மிதிபடாமல் இருக்க

கினிப்பன்றிகள் பயந்தால் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடும். நடுவில் குட்டி இருந்தால் மிதிபடும். அதற்குத்தான் குட்டி மட்டும் நுழையும் பெட்டி ஒன்று வேண்டும். இரண்டரை அங்குல வாசல் இரண்டு, எதிரெதிரே. ஒரே வாசல் வைத்தால் ஒன்று வாசலில் நின்றுகொள்ளும், மற்றது உள்ளே சிக்கும். பெரியதற்குத் தனி ஒளிவிடம், அதற்கும் இரண்டு வாசல். தீபாவளிக்கு முந்திய நாளே கூண்டை வீட்டுக்குள் கொண்டுவந்து, மேல்தட்டை அடைத்து, கெட்டித் துணியால் மூன்று பக்கம் மூடிவிடுங்கள். வெடிச்சத்தத்தில் மேல்தட்டில் இருந்த பிராணி எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

11. தீனி

தீனிக்கும் கூண்டுப் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நெருங்கிய தொடர்பு உண்டு. மனிதரைப் போலவே இந்தப் பிராணியின் உடம்பும் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்காது. 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃபுரோலிக் என்ற இரு ஆய்வாளர்கள் கினிப்பன்றிக்கு வெறும் தானியம் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது கடலோடிகளுக்கு வந்த அதே ஸ்கர்வி நோய் அதற்கும் வந்தது. அந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான் வைட்டமின் சி ஆராய்ச்சியே வேகம் பிடித்தது. நோய் வந்தால் மூட்டு வீங்கும், நொண்டும், ஏற மறுக்கும். வீட்டில் இருப்பவர் "சாய்பலகையில் விழுந்து அடிபட்டிருக்கும்" என்று நினைத்துவிடுவார். மூட்டு பலமில்லாத குட்டி உண்மையிலேயே விழுந்தும் விடும்.

பெரிய பிராணிக்கு எடை கிலோவுக்கு நாள் ஒன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை வேண்டும். சினைக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் மேல் அளவு. நம்மிடம் இதற்குக் குறைவே இல்லை. முருங்கைக்கீரை சிறு பிடி, கொய்யாத் துண்டு, கொத்தமல்லித் தழை, குடைமிளகாய், நெல்லிக்காய்த் துண்டு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். அன்றாடம் வயிற்றை நிரப்ப வேண்டியது புல்தான். அருகு, கொழுக்கட்டைப் புல் எப்போதும் முன்னால் இருக்கட்டும். முயலுக்கு விற்கும் தீவனத்தில் வைட்டமின் சி சேர்ப்பதில்லை. முட்டைக்கோழித் தீவனம் எளிதாகக் கிடைக்கிறதே என்று போடாதீர்கள். முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்தை அதில் அள்ளிப் போட்டிருப்பார்கள். கினிப்பன்றிக்கு அது மூத்திரப்பையில் கல்லாக நிற்கும்.

நம் பக்கம் மரவள்ளிக் காடு அதிகம். மரவள்ளி இலையையும் இளஞ்சோளத் தட்டையும் ஒருபோதும் போடாதீர்கள். மாட்டையே கொல்லும் நஞ்சு அவற்றில் உண்டு, 80 கிராம் குட்டி எம்மாத்திரம்! தக்காளிச் செடி இலை, உருளைக்கிழங்கு முளை, வெங்காயம், அரளி ஆகியவையும் ஆகாது. சந்தையில் வாங்கும் காலிஃபிளவர் இலையில் மருந்து இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

தண்ணீர்ப் புட்டியைக் கீழ்த்தளத்தில் இரண்டு உயரத்தில் கட்டுங்கள். குட்டிக்குத் தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அங்குலம். கீழே ஒரு புட்டியும் இல்லாமல் மேல்தட்டில் மட்டும் தண்ணீரும் தீனியும் வைக்கும் பழக்கத்தைப் பார்க்கிறேன். "ஏறிப் பழகட்டும்" என்கிறார்கள். பழகுவதற்குள் குட்டி காய்ந்துவிடும். நம் ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில் புட்டியின் குழாய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். தினமும் விரலால் தட்டிச் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

12. ஆணைப் பிரிப்பது

பெட்டை குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி சினைப்படும். ஆகவே பிரசவத்துக்கு முன்பே ஆணை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். குட்டிகளில் ஆணை மூன்று வாரம் முடிந்ததும் தாயிடமிருந்தும் தங்கைகளிடமிருந்தும் பிரித்துவிட வேண்டும். "இன்னும் குழந்தை" என்று விட்டால் பிஞ்சு வயதிலேயே பெட்டைக்குட்டி சினையாகும். ஆனால் மேலே ஆண், கீழே பெட்டை என்று ஒரே கூண்டைப் பாதியாக்கி, நடுவில் ஒரு பலகைக் கதவை நம்பி விடாதீர்கள். தனிக் கூண்டு வையுங்கள். எண்ணிக்கை பெருக வேண்டாம் என்றால் இரண்டு பெட்டையாகவே வாங்குங்கள்.

முயலோடு சேர்த்தும் விட வேண்டாம். முயலின் ஓர் உதை குட்டியின் முதுகை ஒடித்துவிடும்.

13. கையில் எடுக்கும்போது

கூண்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிள்ளைகள் கையிலிருந்து விழும் குட்டிகள் நிறைய. கையில் அமைதியாக இருக்கும், சட்டென்று எகிறும். பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிறகுதான் குட்டியை மடியில் தர வேண்டும். ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை பின்புறத்துக்கடியில். நின்றுகொண்டு எடுக்கவே கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டுவிடுங்கள்.

சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். முதல் இரண்டொரு நாள் சற்றுக் குறையலாம். அதன் பிறகு நாளுக்கு நாள் ஏற வேண்டும். ஏறாத குட்டி பால் குடிக்கவில்லை அல்லது எங்கோ அடிபட்டிருக்கிறது.

14. மருத்துவர்

தீனியை நிறுத்திய கினிப்பன்றியை "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடக் கூடாது. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் தின்னாவிட்டாலே கிளம்புங்கள். வீட்டில் இருக்கும் அமாக்சிசிலின் மாதிரி மாத்திரையைக் கரைத்து ஊற்றாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழியாகப் போனால் அதன் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நோயைவிட மருந்தே கொன்றுவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் விஷயமே இல்லை இது.

நாமக்கல்லில் 1985-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சிகிச்சை மனையும் உண்டு. சேலம் மாவட்டம் தலைவாசலிலும் இப்போது ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆடு, மாடு, கோழி அதிகம் பார்க்கும் ஊர் நம்முடையது. சிறு பிராணிகளில் பழக்கமுள்ள மருத்துவர் யார், எந்த நேரத்தில் இருப்பார் என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். பெட்டை சினை என்று தெரிந்ததும், ஆறேழு மாத வயதைத் தாண்டிய பிறகு வந்த முதல் சினையா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அந்த வயதுக்கு மேல் முதல் பிரசவம் என்றால் இடுப்பெலும்பு இறுகிவிட்டிருக்கும், அறுவை தேவைப்படலாம். அந்தப் பேச்சை வலி வந்த இரவில் தொடங்க வேண்டாம். ஆசாரியிடம் கூண்டுக்கு முன்பணம் கொடுக்கும் அதே வாரத்தில் மருத்துவரையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.